பழைய செதுக்கு அச்சுப்படங்களின் பின்னால் இருந்த கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பு மைக் கோடுகளாலேயே ஆன பழைய ஐரோப்பிய அச்சுப்படங்களைப் புத்தகங்களிலோ அருங்காட்சியகங்களிலோ பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் "இதை வரைந்தவர் யார்?" என்றுதான் தொடங்குகின்றன. அந்தக் கேள்வியில் இருக்கும் ஒருமைதான் சிக்கல். ஒரு படத்துக்கு நாலைந்து பேர், சில சமயம் இருபது பேர் வேலை பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

படத்தின் அடியில் லத்தீனில் பொடியாக ஏதோ இருக்கிறதே, அது என்ன?

அதுதான் அந்தப் படத்தின் வேலைக் கணக்கு. ஒரு பெயரோடு 'பிங்க்சிட்' என்று இருந்தால் அவர் மூல ஓவியத்தைத் தீட்டியவர். 'டெலினியாவிட்' என்றால் செதுக்குவதற்குத் தோதாக அதைக் கோட்டுப்படமாக வரைந்து கொடுத்தவர். 'இன்வேனிட்' என்றால் கற்பனை அவருடையது. 'ஸ்கல்ப்சிட்' என்றால் தகட்டில் செதுக்கியவர். 'எக்ஸ்குடிட்' என்று இருப்பவர்தான் வெளியீட்டாளர்: காசு போட்டவர், தகட்டுக்குச் சொந்தக்காரர். பெரும்பாலும் ஓவியர் பெயர் இடது ஓரத்திலும் செதுக்கியவர் பெயர் வலது ஓரத்திலும் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்' என்ற புகழ்பெற்ற படம் 1557-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரில் வெளியானது. அதன் அடியில் கற்பனை முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற ஓவியர் ஹீரோனிமஸ் பாஷ் உடையது என்று போட்டிருக்கிறது. உண்மையில் அதை வரைந்தவர் பீட்டர் புரூகல். அவர் 1556-இல் போட்ட மூலக் கோட்டுப்படம் இன்றும் இருக்கிறது. பாஷ் இறந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது, புரூகல் அப்போது வளரும் இளைஞர். வெளியீட்டாளர் ஹீரோனிமஸ் காக் எந்தப் பெயர் விற்கும் என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். செதுக்கிய பீட்டர் வான் டெர் ஹைடனுக்குக் கிடைத்தது ஒரு சிறிய எழுத்து முத்திரை.

இன்னொன்று: மை தடவியவர், உருளையை இழுத்தவர், நிறம் தீட்டியவர், பின்னணி வானத்தைச் செதுக்கிய சீடப்பையன் ஆகியோருக்கு லத்தீனில் சொல் இருந்தாலும் தகட்டில் இடம் கிடைத்தது அபூர்வம்.

செதுக்குவது என்றால் சரியாக என்ன செய்தார்கள்?

செப்புத்தகட்டு வேலையில் 'பியூரின்' என்ற செதுக்குளி முக்கியம். கூரான எஃகுக் கம்பி, அதன் பின்னால் உள்ளங்கையில் பொருந்தும் மரக்குமிழ். பேனா மாதிரி இழுக்க மாட்டார்கள். உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளுவார்கள். ஏர் மண்ணைக் கிழித்துச் சால் போடுவதுபோல உளி செம்பைக் கிழித்துச் சால் போடும். வளைவு வேண்டுமென்றால் கையைத் திருப்புவதில்லை. மணல் நிரப்பிய தோல் மெத்தையின் மேல் தகட்டை வைத்து, தகட்டையே மற்ற கையால் திருப்புவார்கள். நிழல் வேண்டுமென்றால் சால்களை நெருக்கமாகவும் குறுக்காகவும் போட வேண்டும். ஒரு கன்னத்தின் மென்மைக்கே நூற்றுக்கணக்கான கோடுகள் பிடிக்கும். பெரிய தகடு முடிய மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட ஆகும்.

எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது தனித் தொல்லை. கவனம் தவறியவர்கள் படத்தில் வீரன் இடது கையில் வாள் பிடித்திருப்பான்.

இந்த வேலை பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ரைன் ஆற்றுப் பகுதியில் தொடங்கியவர்கள் வெள்ளிப் பாத்திரத்தில் பூவேலை செய்த அதே உளியைத்தான் எடுத்தார்கள். புகழ்பெற்ற ஜெர்மானியக் கலைஞர்களான மார்ட்டின் ஷோன்காவர், ஆல்பிரெக்ட் ட்யூரர் இருவருமே பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைகள்.

மரச்செதுக்கு இதற்கு நேர் எதிர். அங்கே கோட்டை விட்டுவிட்டுக் கோட்டைச் சுற்றியுள்ள மரத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு மெல்லிய குறுக்குக் கோட்டுப் பின்னலை ஓவியர் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். அதன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் மரத்தைத் துளித்துளியாக எடுப்பது வேறொருவர் தலையெழுத்து.

ட்யூரர் எல்லாவற்றையும் தன் கையாலேயே செதுக்கினார் என்கிறார்களே?

செம்பில், ஆமாம். மரத்தில், பெரும்பாலும் இல்லை. மரக்கட்டையின் மேல் வரைந்து கொடுத்துவிடுவார். வெட்டுவதற்கு ஜெர்மன் நகரங்களில் தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காகச் செய்த 'வெற்றி வளைவு' 195 மரக்கட்டைகளைக் கொண்டது; எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். அதை வெட்டியது நியூரம்பெர்க்கின் ஹீரோனிமஸ் ஆண்ட்ரேயே என்பவரின் பட்டறை. இந்த ஆண்ட்ரேயேவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: 1525-இல் ஜெர்மானிய உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் பக்கம் பேசி, நகரத்தாரிடம் சிறைப்பட்டார். பேரரசருக்கு வெற்றி வளைவு வெட்டிய கை!

அதே மாக்சிமிலியனுக்குச் செய்த 'வெற்றி ஊர்வலம்' படத்தொகுதியின் மரக்கட்டைகள் வியன்னாவில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. திருப்பிப் பார்த்தால் பல கட்டைகளின் முதுகில் வெட்டியவர் பெயர் எழுதியிருக்கிறது. புகழுக்காக எழுதியதல்ல, எந்தக் கட்டை யாருடையது என்று பட்டறைக் கணக்குக்காக எழுதியது. முன்பக்கம் பேரரசர், பின்பக்கம் தொழிலாளி. எனக்குப் படத்தைவிட அந்த முதுகுதான் சுவாரசியம்.

அச்சடிப்பது எளிதான வேலைதானே?

இல்லவே இல்லை. முதலில் கரி அடுப்பின் மேல் தகட்டைச் சூடு காட்ட வேண்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கரியைக் குழைத்த கெட்டி மையைச் சால்களுக்குள் அழுத்தித் திணிக்க வேண்டும். பிறகு மேற்பரப்பில் உள்ள மையை மட்டும் துணியால் துடைத்து, கடைசியில் சுண்ணப்பொடி தொட்ட வெறும் உள்ளங்கையால் வழித்து எடுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் துடைத்தால் சாலில் இருக்கும் மையும் போய்விடும். குறைந்தால் படம் மங்கும். அப்புறம் ஈரக் காகிதம், கம்பளி விரிப்பு, இரண்டு உருளைகளுக்கு நடுவே தள்ளல். சக்கரத்தின் கைகளில் காலையும் வைத்து மிதித்துத் திருப்பினால்தான் அது நகரும். இவ்வளவும் ஒரே ஒரு பிரதிக்கு. அடுத்த பிரதிக்கு மீண்டும் மை தடவலிலிருந்து.

ஆபிரகாம் போஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1642-இல் இப்படியொரு பட்டறையைப் படமாக்கியிருக்கிறார்: ஒருவர் மை தடவுகிறார், ஒருவர் துடைக்கிறார், ஒருவர் சக்கரத்தை இழுக்கிறார், மேலே கயிற்றில் தாள்கள் காய்கின்றன. ஈய எழுத்தை அச்சிடும் எந்திரம் வேறு, செப்புத்தகட்டு எந்திரம் வேறு. அதனால்தான் பழைய புத்தகங்களில் படங்கள் தனித் தாள்களாக இடையே செருகப்பட்டிருக்கின்றன. வேகமும் எழுத்து அச்சைவிடப் பல மடங்கு குறைவு.

செம்பு மென்மையான உலோகம் என்பதால் அச்சடிக்க அடிக்கச் சால் தேயும். முதலில் வந்த பிரதிகள் கூர்மை, பின்னால் வந்தவை சோகை. தேய்ந்த தகட்டை மீண்டும் உழுது சரிசெய்வதே சிலருக்குப் பிழைப்பாக இருந்தது.

கூலி எப்படி?

தகட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்குவதே பொது வழக்கம். பெயர் பெற்ற கையென்றால் நல்ல காசு. பெரும்பாலோர் பெயர் பெறவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது தகடு யாரிடம் இருக்கிறது என்பது. செதுக்கியவர் கூலியோடு வெளியேறிவிடுவார். வெளியீட்டாளரோ அந்தத் தகட்டிலிருந்து பத்து வருடம், இருபது வருடம் எடுத்துக்கொண்டே இருப்பார், பிறகு விற்பார், பிள்ளைகளுக்கு எழுதி வைப்பார். நிலம் மாதிரி. தேய்ந்து பயனற்றுப் போனால் செம்பு எடைக்குப் போகும்.

தேவை அதிகமாகி, திறமையானவர் குறைவாக இருந்த இடத்தில் கதை தலைகீழாகும். ஆண்ட்வெர்ப்பின் பெரிய அச்சகக்காரர் கிறிஸ்டோஃப் பிளாண்டின், செதுக்குநர்களான வீரிக்ஸ் சகோதரர்களைப் பற்றிக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் மதுக்கடைகளில் தேடிப்பிடித்து, கடனை அடைத்து, அடகில் இருக்கும் உளிகளை மீட்டுக் கொடுக்க வேண்டுமாம். சில நாள் வேலை, மறுபடி கடை. இதை முதலாளியின் வாயிலிருந்து மட்டும்தான் கேட்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சகோதரர்களின் தகடுகளைப் பார்த்தால் அவர் ஏன் திரும்பத் திரும்பப் போய்த் தேடினார் என்பது புரியும்.

தொழில் கற்றுக்கொள்ள என்ன வழி?

இங்கிலாந்தில் ஏழு வருடச் சீடத்தனம். அதற்கு மாணவன் வீட்டார்தான் பணம் கட்ட வேண்டும். பின்னாளில் கவிஞராகவும் ஓவியராகவும் புகழ்பெற்ற வில்லியம் பிளேக்கை 1772-இல் செதுக்குநர் ஜேம்ஸ் பசீரிடம் சேர்க்க அவருடைய அப்பா கட்டியது 52 பவுண்டு 10 ஷில்லிங். பிளேக்குக்கு அப்போது 14 வயது. ஆக, ஏழை வீட்டுப் பையனுக்குக் கதவு பாதி மூடியேதான் இருந்தது. உள்ளே போனவன் முதலில் ஆடை மடிப்பு, புல், வானம் என்று தொடங்குவான். முகமும் கையும் குருவுக்கு.

பெண்கள் இந்தத் தொழிலில் இருந்தார்களா?

இருந்தார்கள், பல வழிகளில். ட்யூரரின் அம்மாவும் மனைவி ஆக்னஸும் சந்தைகளில் அவர் படங்களை விற்றார்கள். ஆக்னஸ் பிராங்க்ஃபர்ட் சந்தை வரை போனார். மேலே சொன்ன ஹீரோனிமஸ் காக் 1570-இல் இறந்தபின் அவர் மனைவி ஃபோல்க்ஸ்கன் டீரிக்ஸ் முப்பது வருடம் வியாபாரத்தை நடத்தினார். அவர் காலமானபின் எடுத்த சொத்துப் பட்டியலில் 1,600-க்கும் மேற்பட்ட செப்புத்தகடுகள் இருந்தன. ஆனாலும் வரலாற்றில் அந்த நிறுவனம் 'காக்கின் நிறுவனம்' தான்.

உளி பிடித்தவர்களும் உண்டு. இத்தாலியின் மாண்டுவா நகரத்து டயானா ஸ்கல்டோரி செதுக்குக் குடும்பத்தில் அப்பாவிடம் கற்றவர். 1575-இல் போப்பாண்டவரிடம் தன் படங்களுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். பெண் பிள்ளை வெளியே சீடராகச் சேர முடியாத காலத்தில் அப்பா பட்டறைதான் பள்ளிக்கூடம்.

மரியா சிபில்லா மேரியன் கதை கொஞ்சம் வேறு. 1699-இல் தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்த சூரினாம் போய்ப் பூச்சிகளையும் செடிகளையும் வரைந்துவந்து, 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் சொந்தச் செலவில் 60 படங்களுடன் புத்தகம் போட்டார். பெரும்பாலான தகடுகளைச் செதுக்கியது அவர் கூலி கொடுத்து அமர்த்திய ஆண்கள். சரி, இது பெண் முதலாளியின் கதை என்று மகிழ்ந்துவிடலாமா? சூரினாமில் அவருக்குச் செடிகளையும் புழுக்களையும் கொண்டுவந்து தந்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களும் அமெரிக்கப் பழங்குடியினரும். மயிற்கொன்றை வகைச் செடியொன்றைப் பற்றி எழுதும்போது, தங்கள் பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கக் கூடாதென்று கருவைக் கலைக்க அடிமைப் பெண்கள் அதன் விதையைப் பயன்படுத்துவதாக அவர்களே சொன்னார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். ஒரு பூவின் படத்துக்குக் கீழே இப்படியொரு செய்தி.

லண்டனில் எலிசபெத் பிளாக்வெல் என்பவரின் கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அவரை மீட்க 1737 முதல் 1739 வரை மூலிகைப் படங்களை வாராவாரம் வெளியிட்டார் எலிசபெத்: மொத்தம் 500 தகடுகள். வரைந்ததும் அவர், செதுக்கியதும் அவர், நிறம் தீட்டியதும் அவர். கணவர் சிறையிலிருந்தபடி செடிகளின் பெயர்களைச் சொல்லி உதவினார். கடன் அடைந்தது, கணவர் வெளியே வந்தார். பின்னால் ஸ்வீடனுக்குப் போய், 1747-இல் அரசியல் சதிக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். எலிசபெத்தின் உழைப்பை அவர் அதிக நாள் அனுபவிக்கவில்லை.

வண்ணம் தீட்டியது யார்?

பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். ஒருவர் பச்சையை மட்டும் தடவி அடுத்தவரிடம் தள்ள, அவர் சிவப்பைத் தடவித் தள்ள, வரிசையாகப் போகும். பிளாண்டினின் கணக்கேடுகள் இருப்பதால் ஒருவர் பெயராவது தெரிகிறது: மின்கன் லீஃப்ரிங்க். வில்லியம் பிளேக்கின் படங்களில் அவர் மனைவி கேத்தரின் அச்சடித்தும் நிறம் தீட்டியும் பங்கெடுத்தார்.

ஒருவர் படத்தை இன்னொருவர் காப்பியடிப்பதைத் தடுக்கச் சட்டம் இருந்ததா?

நெடுங்காலம் சலுகைப் பத்திரங்கள்தான் இருந்தன. அரசரிடமோ நகரசபையிடமோ கெஞ்சி வாங்க வேண்டும். எல்லை தாண்டினால் செல்லாது. இத்தாலியச் செதுக்குநர் மார்க்கன்டோனியோ ரைமொண்டி ட்யூரரின் மரச்செதுக்குகளை ட்யூரரின் முத்திரையோடு சேர்த்தே செம்பில் பிரதியெடுத்தார்.

சட்டமாக வந்தது இங்கிலாந்தில், 1735-இல். அதன் பின்னால் நின்றவர் ஓவியரும் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த். வெள்ளிப் பாத்திரத்தில் செதுக்கும் பட்டறையில் சீடராக இருந்தவர் அவர். 1732-இல் அவர் வெளியிட்ட தொடர் படங்கள் சக்கைப்போடு போட்டன, உடனே திருட்டுப் பிரதிகளும் குவிந்தன. அடுத்த தொடர் தயாராக இருந்தும் வெளியிடாமல், சட்டம் நடைமுறைக்கு வரும் நாளான ஜூன் 25 வரை காத்திருந்தார். பாதுகாப்பு 14 வருடங்களுக்கு. அதற்குத் தகட்டில் உரிமையாளர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். ஆங்கிலப் படங்களின் அடியில் 'பாராளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது' என்று வரும் வரி அங்கிருந்துதான்.

இதில் ஒரு வர்க்கக் கணக்கும் உண்டு. அந்தச் சட்டம் தானே கற்பனை செய்த படத்துக்கே பாதுகாப்பு தந்தது. அடுத்தவர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய தகடுகளுக்கு 1767-இல் திருத்தம் வரும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அதே திருத்தம் ஹோகார்த்தின் விதவை ஜேனுக்கு மட்டும் தனியாக 20 வருட உரிமை கொடுத்தது.

அவர்கள் கலைஞர்களா, தொழிலாளிகளா?

பிரான்சில் பதினான்காம் லூயி 1660-இல் ஆணை போட்டு, செதுக்குவது சுதந்திரக் கலை, எந்தக் கைவினைச் சங்கத்துக்கும் கட்டுப்பட்டதல்ல என்று அறிவித்தார். இங்கிலாந்தில் 1768-இல் அரசக் கலைக்கழகம் தொடங்கியபோது செதுக்குநர்களை வெளியே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஆறு பேருக்கு மட்டும் துணை உறுப்பினர் பதவி, ஓட்டுரிமை இல்லாமல். வேடிக்கை என்னவென்றால் ஃபிரான்செஸ்கோ பர்டொலொட்சி என்ற புகழ்பெற்ற செதுக்குநர் முதல் நாளிலிருந்தே முழு உறுப்பினர்: அவரை 'ஓவியர்' என்று பதிவு செய்துகொண்டார்கள்! செதுக்குநராகவே ஒருவர், சாமுவேல் கசின்ஸ், முழு உறுப்பினர் ஆனது 1855-இல்தான்.

'வெறும் நகலெடுப்பு' என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். வண்ணத்தில் இருக்கும் ஒரு பட்டுத் துணியின் பளபளப்பைக் கறுப்புக் கோடுகளாக மொழிமாற்றுவதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய படங்களில் தொழிலாளர்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கிறார்கள்! அப்படித்தான் இருந்தார்களா?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோவின் கலைக்களஞ்சியத்துக்கு 1762-இலிருந்து 1772 வரை வந்த 11 படத்தொகுதிகளைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி பலருக்கு வருகிறது. விசாலமான அறை, நல்ல வெளிச்சம், வியர்வையில்லாத மனிதர்கள், வரிசையாக அடுக்கிய கருவிகள். கருவிகளை நம்பலாம்; அறைகளை நம்ப வேண்டாம். தொழிலுக்கு மதிப்புத் தேடிக்கொடுப்பது அந்த நூலின் நோக்கம். அழுக்கைக் காட்டினால் படிக்கும் கனவான் முகம் சுளிப்பார். கூடவே, பிரெஞ்சு அறிவியல் கழகம் வைத்திருந்த பழைய தகடுகளிலிருந்து படங்களைச் சுட்டுவிட்டார்கள் என்று 1759-இல் பெரிய சண்டையும் நடந்தது.

பார்க்காததைச் செதுக்கியவர்களும் நிறைய. லீயேஜ் நகரப் பொற்கொல்லர் தியோடர் டி பிரை 1590-இலிருந்து வெளியிட்ட அமெரிக்கப் படங்களைத்தான் ஐரோப்பா பல தலைமுறை அமெரிக்கா என்று நம்பியது. அவர் அட்லாண்டிக்கைத் தாண்டியதே இல்லை. ஆங்கில ஓவியர் ஜான் வைட் நேரில் பார்த்துத் தீட்டிய பழங்குடியினர், டி பிரையின் தகட்டில் கிரேக்கச் சிலைபோல ஆகிவிட்டார்கள்.

ஒரே தகட்டில் ஆளை மட்டும் மாற்றுவார்களாமே?

மாற்றுவார்கள். பியேர் லொம்பார் செதுக்கிய குதிரை வீரன் தகட்டில் குதிரை அப்படியே இருக்க, தலை மட்டும் கிராம்வெல், பதினான்காம் லூயி, முதலாம் சார்லஸ் என்று மாறியது. ஆட்சி மாறினால் முகத்தைச் சுரண்டிவிட்டு அடுத்தவரைச் செதுக்குவது புதுத் தகடு செய்வதைவிட மலிவு.

ஜப்பானிய மரஅச்சுகளிலும் இதே நிலையா?

கிட்டத்தட்ட. வெளியீட்டாளர், ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர் என்று நான்கு தரப்பு, முதலாளி வெளியீட்டாளர். தலைமுடியும் முகமும் மூத்த கைக்கு, ஆடையும் பின்னணியும் இளையவர்களுக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சில படங்களில் செதுக்கியவரின் சிறு முத்திரையும் தென்படுகிறது.

செய்திப் பத்திரிகைகள் வந்தபின் என்ன ஆனது?

பட்டறை தொழிற்சாலை ஆனது. 1842-இல் லண்டனில் படங்களோடு வரும் வாராந்தரச் செய்தித்தாள் தொடங்கியது. கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டில் செதுக்கினால் எழுத்தோடு சேர்த்தே அச்சிடலாம். ஆனால் அந்த மரம் பருமனாக வளராது. அதனால் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டையாக்கினார்கள். பிற்பாடு திருகாணியால் கழற்றி மாட்டும் முறை வந்தது. அவசரச் செய்தி என்றால் படத்தை வரைந்தவுடன் கட்டையைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு கப்பலின் பாய், ஒருவருக்கு அலை, ஒருவருக்குக் கூட்டத்தின் பாதி. முழுப்படம் என்னவென்று தெரியாமலே இரவெல்லாம் வேலை. விளக்கின் முன் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டை வைத்து ஒளியைக் குவித்துக்கொள்வார்கள். விடியும்போது துண்டுகளை இறுக்கி, மூத்தவர் இணைப்புக் கோடுகளைச் சரிசெய்வார். சில பழைய பிரதிகளில் வானத்தின் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு தொழிலாளிகளின் எல்லை அது.

அந்தக் காலத்தின் பெரிய நிறுவனம் டால்சியல் சகோதரர்கள். 1865-இல் வந்த 'ஆலிஸ்' சிறுவர் கதைக்கு ஓவியர் டென்னியல் வரைந்தவை அவர்களிடம்தான் வெட்டப்பட்டன. படத்தில் 'டால்சியல்' என்று மட்டுமே இருக்கும்; அது ஒரு மனிதரின் கையெழுத்தல்ல, ஒரு கடைப்பலகை.

இந்தியக் காட்சிகள் கொண்ட படங்களில் இந்தியர் கை உண்டா?

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் 1786–88-இல் கல்கத்தாவிலேயே 12 நகரக் காட்சிகளைச் செய்தபோது உள்ளூர்க் கைவினைஞர்கள் உதவினார்கள். ஆனால் அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஓவியர், செதுக்குநர், கன்னார், அச்சடிப்பவர், எடுபிடி எல்லாம் தானே ஆக வேண்டியிருந்தது என்று களைத்துப்போய்ச் சொல்கிறார். உதவியவர்களின் பெயர் தகட்டில் இல்லை.

இந்த வேலை எப்போது நின்றது?

1880-களுக்குப் பிறகு புகைப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி நேரடியாக அச்சிடும் முறை பரவியது. பத்து இருபது வருடங்களில் மரச்செதுக்குப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. டால்சியல் நிறுவனமும் 1893-இல் நொடித்துப் போனது. செப்பிலும் எஃகிலும் செதுக்கும் கலை பணத்தாளிலும் தபால்தலையிலும் ஒதுங்கிப் பிழைத்தது. செதுக்கி அச்சிட்ட பிரெஞ்சுத் தபால்தலை கிடைத்தால் பூதக்கண்ணாடியோடு கீழ் ஓரத்தைப் பாருங்கள். செதுக்கியவர் பெயர் அங்கே பொடியாக இருக்கும்.